ஊசி வந்த வழி

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் ஏ-9 பெருவீதியில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் கடந்து, கராம்பும் சாதிக்காயும் மூலிகை எண்ணெய்ப் போத்தல்களும் காட்டிப் பிரயாணிகளை அழைக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்களையும் பின்னே விட்டு வந்தால், நாலந்தா என்னும் சிற்றூர் எதிர்ப்படும். பல்லவச் சிற்பிகளின் கைவண்ணத்தை நினைவூட்டும் உருவமும், பௌத்த விகாரையோ இந்துக் கோயிலோ என்று காண்பவர் மயங்கும் அமைப்பும் கொண்ட கெடிகே என்னும் கல்லாலயம் அங்கே நீர்க்கரையில் நிற்கிறது. மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது, அது வெள்ளத்தில் அமிழ்ந்து போகாதபடி கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டு நிலத்தில் மறுபடியும் அடுக்கி வைத்தார்கள். அந்த ஆலயம் இடம் பெயர்ந்த காலத்தை ஒட்டித்தான், இன்று ஊர்தோறும் பெயர்ப்பலகை தொங்கும் அக்குபஞ்சர் என்னும் ஊசி வைத்தியமும் இத்தீவில் வந்து குடியேறியது.

பராக்கிரமபாகு மன்னன் கஜபாகுவோடு போர் புரிந்த நாளில் நாலந்தாவில் பாசறை கொண்டிருந்தான் என்று மகாவம்சத் தொடர்ச்சி கூறுவதால், 12-ஆம் நூற்றாண்டிலேயே இவ்வூருக்கு இப்பெயர் வழங்கியது தெளிவு. ஆயினும் நாலந்தா என்றதும் உலகம் நினைப்பது பீகாரத்து மகாவிகாரையையே. 671-இல் சீனம் விட்டுக் கடல்வழியே புறப்பட்ட இ-சிங் என்னும் பிக்ஷு, அங்கே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தங்கிப் பயின்று, பாரத தேசத்தில் தாம் கண்ட ஆசாரங்களையும் வைத்திய முறைகளையும் ஸ்ரீவிஜயத்திலிருந்து எழுதி 692-இல் தாய்நாட்டுக்கு அனுப்பினார். உபவாசத்தால் நோய் தீர்க்கும் பாரத வழக்கத்தை மனமாரப் புகழ்ந்த அவர், ஊசி குத்துவதிலும் சூடு வைப்பதிலும் நாடி பார்ப்பதிலும் மட்டும் சீனத்தை ஜம்புத்வீபத்தின் எந்தப் பகுதியும் விஞ்சவில்லை என்ற கருத்தைப் பதிந்து வைத்தார். சுதேசாபிமானம் இக்கூற்றில் சற்றே கலந்திருக்கலாம். என்றாலும் வைத்தியம் ஐந்து வித்தைகளுள் ஒன்றாகப் போதிக்கப்பட்ட பாரத தேசத்திலே பத்தாண்டு வாழ்ந்தவரின் சாட்சியம் அது.

இதை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணமுண்டு. மூவாயிரம் ஆண்டுப் பழமையுடைய இலங்கை ஏடு ஒன்று யானைக்கு ஊசி வைத்தியம் செய்யும் முறையைக் கூறுகிறது என்றும், ஆகவே இக்கலை சீனத்துக்கு முன்பே நம்முடையது என்றும் ஒரு கதை, மேனாட்டுக் கால்நடை வைத்திய நூல்கள் வரை பரவியிருக்கிறது. இத்தீவின் ஈரத்திலும் செல்லரிப்பிலும் ஓலைச்சுவடி சில நூற்றாண்டு தாங்குவதே அருமை. மூவாயிரம் ஆண்டுக்கு முன் இங்கே எழுத்தே வழங்கவில்லை. ஏடு இல்லாமலில்லை, ஆனால் அவ்வேடுகளில் யானையின் உருவத்தை வரைந்து குறித்திருக்கும் புள்ளிகள், சிங்களத்தில் 'நில' என்று வழங்கும் மர்ம ஸ்தானங்களாகும். பாகன் தன் அங்குசத்தால் ஓரிடத்தைத் தொட்டால் யானை மண்டியிடும். வேறிடத்தைத் தொட்டால் திரும்பும். இன்னுமோரிடத்தில் ஆழக் குத்தினால் உயிருக்கே ஆபத்து. இது பெரும்பாலும் விலங்கை அடக்கும் வித்தை. இதை வைத்தியம் என்று பெயர் மாற்றுவது பாகனுக்கும் நியாயமன்று, சீனனுக்கும் நியாயமன்று.

கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்மார் போற்றும் வர்ம சாஸ்திரத்தின் நிலையும் அதுவே. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 ஸ்தானங்கள் என்று அவர்கள் கணக்கிடுவர். சுஸ்ருதர் மர்மங்களை 107 என்பார். அந்த ஸ்தானங்களிற் சில சீனரின் புள்ளிகளோடு ஒத்து வருவதில் வியப்பில்லை, மனித சரீரம் ஒன்றே அல்லவா? ஆனால் வர்ம ஆசானின் கருவி விரலும் உள்ளங்கையும் எண்ணெயும், ஊசியன்று. மிகிந்தலையின் பழைய வைத்தியசாலையில் மனித உருவாய்க் குடைந்த மருந்துக் கற்றொட்டி கிடைத்தது. பொலன்னறுவை ஆளாஹன பிரிவேனையில் சத்திர சிகிச்சைக் கருவிகள் கிடைத்தன. சொந்தமாக இத்தனை பெருமை உடையவர்கள் பிறன் வீட்டு ஊசியையும் தமது என்று சொல்ல வேண்டிய அவசியமென்ன?

சீனத்தோடு நமக்குத் தொடர்பு இல்லாமலுமில்லை. 1409-ஆம் ஆண்டு தேதியிட்டு, சீனமும் தமிழும் பாரசீகமும் ஆகிய மூன்று மொழியிற் பொறித்துச் செங் ஹோ என்னும் கடற்றளபதி காலியில் நிறுத்திய கல் 1911-இல் அகப்பட்டது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. பொன்னும் வெள்ளியும் பட்டும் வாசனை எண்ணெயும் அப்பட்டியலில் உண்டு, ஊசி இல்லை.

ஊசிக்குப் பிறந்த நாட்டிலேயே நல்ல காலமும் கெட்ட காலமும் இருந்தன. கி.மு. 113-இல் மாண்ட லியூ ஷெங் என்னும் இளவரசனின் கல்லறையிற் பொன்னூசியும் வெள்ளியூசியும் கண்டெடுத்தார்கள். ஆனால் 1822-இல் சிங் வம்சத்துச் சக்கரவர்த்தி அரண்மனை வைத்தியக் கழகத்திலிருந்தே அதை விலக்கினார். யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் ஆண்ட அதே ஒல்லாந்தக் கம்பெனியில் வைத்தியராயிருந்த தென் ரைன் என்பவர், ஜப்பானிற் கண்டதைக் கொண்டு 1683-இல் இலத்தீனில் நூல் வெளியிட்டபோது, ஊசி என்பதற்கும் குத்துதல் என்பதற்கும் உரிய சொற்களை இணைத்து வழங்கிய பெயரே இன்று நம் தெருப்பலகைகளில் தமிழெழுத்தில் நிற்கிறது. பின்னர் சீனத்துப் பொதுவுடைமை அரசு, வைத்தியர் போதாத நாட்டில் மலிவான வைத்தியம் வேண்டுமென்று அதற்குப் புத்துயிர் அளித்தது.

பாரதத்துக்கு அதைக் கொணர்ந்தவர், 1938-இல் துவாரகாநாத் கோட்னிஸ் முதலிய நால்வரோடு சீனப் போர்க்களத்துக்குச் சேவை செய்யச் சென்ற விஜயகுமார் பாசு. மீண்டும் சீனஞ் சென்று பயின்று, 1959-இல் கல்கத்தாவில் தொடங்கினார். 1971-இல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவைக்குப் பின் வயிற்று உபாதைக்கு ஊசி ஏற்று அதை எழுதியதும், உலகத்தின் கவனம் திரும்பியது. (அறுவையே ஊசியால் நடந்தது என்று பலர் இன்றும் சொல்வது பிழை, அவருக்கு வழக்கமான மரப்பு மருந்தே கொடுத்தார்கள்.) 1952-இன் இறப்பர்-அரிசி உடன்படிக்கையால் ஏற்கெனவே சீனத்தோடு உறவு பூண்டிருந்த இலங்கையில், மூட்டுவாத வைத்தியராகிய அன்டன் ஜயசூரிய எழுபதுகளில் சீனஞ் சென்று கற்று வந்து, களுபோவிலவில் உள்ள கொழும்புத் தெற்கு ஆஸ்பத்திரியில் இச்சிகிச்சையை நிலைநாட்டினார். பிற தேசத்து மாணாக்கரும் அங்கே வந்து பயின்றனர்.

இன்று முழங்கால் வலியோடு ஓர் ஊர்ச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்பவர், முறிவு நெரிவு வைத்தியரிடம் போவதுபோல் இழுப்பும் கட்டும் எதிர்பார்க்க வேண்டாம். நாடி பார்ப்பார்கள், நாக்கை நீட்டச் சொல்வார்கள். பிறகு படுக்கவைத்து, மயிரிழையினும் சற்றே பருத்த உருக்கு ஊசிகளைக் கையிலும் காலிலும், வலி ஓரிடமிருக்க வேறோரிடத்திலும் ஏற்றி, இருபது முப்பது நிமிடம் அப்படியே விட்டுவிடுவார்கள். குத்தும்போது எறும்புக்கடி, பின்பு ஒரு கனமும் மந்தமான குடைச்சலும் தோன்றும். அதுவே வேண்டிய குறி என்பது சீனர் கொள்கை. சில இடங்களில் மாசிபத்திரி இனத்து மூலிகையைப் புகையவிட்டு அனல் காட்டுவதுமுண்டு; நம் சுட்டிகையை அறிந்தவருக்கு அது புதுமையாகத் தோன்றாது. ஒரு தடவையில் தீர்வதில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டாகப் பல தடவை செல்ல வேண்டும்.

குணமுண்டா என்று கேட்பவருக்கு நேரான விடை சொல்வது கடினம். 2007-இல் வெளியான ஜெர்மானியப் பரிசோதனையில், நாரிவலியுடைய 1,162 பேருள் முறைப்படி ஊசி ஏற்றவர்களில் 47.6 வீதமும், புள்ளி தவிர்த்து மேலோட்டமாகப் பொய்யூசி ஏற்றவர்களில் 44.2 வீதமும் தேறினர். வழக்கமான வைத்தியம் பெற்றவரில் 27.4 வீதமே தேறினர். ஊசிக்குப் பயன் உண்டென்றும், புள்ளிக்கு அத்தனை மகிமை இல்லையென்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். வலிக்கு அது உதவும்; சர்க்கரை வியாதிக்கும் புற்றுக்கும் அதை மட்டும் நம்பி மருந்தை நிறுத்தச் சொல்பவர் யாராயினும், அவர் வாசற்படியை மீண்டும் மிதிக்காதீர்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவரும் கர்ப்பிணிகளும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசி ஒரே தடவைக்கு உரியது. அதன் உறை உங்கள் கண்முன்னே பிரிக்கப்படுகிறதா என்று பார்த்த பின்பே கையை நீட்டுங்கள்.