ஏழு வினாடித் தாளத்தின் கதை

நமது மலரில் விடுதி நினைவுகளும் பேராசிரியர்களைப் பற்றிய நினைவுகளும் நிறைய வரும். ஒரு மாறுதலுக்கு நான் ஒரு தாளத்தின் வரலாற்றை எழுதுகிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். சங்கீதம் முறையாகக் கற்றவன் அல்ல. ஆனால் இந்தக் கதையில் பாதி சங்கீதம் என்றால் மீதிப் பாதி நம்ம சப்ஜெக்ட்தான்.

கம்ப்யூட்டரில் பாட்டு அமைக்கிற எவருக்கும் ‘லூப்’ என்ற சொல் தெரியும். ஏற்கெனவே வாசித்துப் பதிவு செய்த ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுவதுதான் லூப். இன்னொருவருடைய இசைத்தட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டு என்றால் சாம்பிள். இது ஏதோ நேற்று வந்த சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1948-லேயே பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் என்ற பொறியாளர் ரயில் ஓசைகளைத் தட்டில் பதிந்து, அவற்றை அடுக்கி ஓர் இசைப் படைப்பையே செய்தார். 1963-ல் இங்கிலாந்தில் வந்த மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டு உண்டு. கட்டையை அழுத்தினால் சுமார் 8 வினாடி புல்லாங்குழலோ வயலினோ ஒலிக்கும், அவ்வளவுதான்.

இனி நம் கதைக்கு வருவோம். 1969-ல் அமெரிக்காவில் ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற குழு ஒரு சிறிய இசைத்தட்டு வெளியிட்டது. முதல் பக்கத்தில் ‘கலர் ஹிம் ஃபாதர்’. அந்தப் பாட்டு நன்றாக ஓடி, 1970-ல் கிராமி விருதும் பெற்றது. மறுபக்கத்தை நிரப்ப, ‘ஆமென்’ என்ற பழைய தேவாலயப் பாடலை அடியொற்றி ‘ஆமென், பிரதர்’ என்று ஒரு வாத்திய இசையைப் போட்டார்கள். அது நீளம் போதவில்லை. அதனால் நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நிற்க, கிரிகரி கோல்மன் டிரம்ஸ் மட்டும் வாசித்தார். நாலே நாலு ஆவர்த்தனம், சுமார் 7 வினாடி. இடம் நிரப்ப வாசித்த அந்த 7 வினாடிதான் பிற்பாடு உலகம் சுற்றியது.

எப்படிச் சுற்றியது? 1973-லிருந்து நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டி.ஜே. கூல் ஹெர்க் என்பவர், ஜனங்கள் டிரம்ஸ் வரும் இடத்தில்தான் உற்சாகமாக ஆடுகிறார்கள் என்று கவனித்தார். ஒரே தட்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் டிரம்ஸ் முடியும்போது அடுத்ததில் தொடங்கி, அதையே நீட்டிக்கொண்டு போனார். கையால் செய்த லூப்! 1986-ல் இப்படிப்பட்ட டிரம்ஸ் பகுதிகள் உள்ள பழைய பாட்டுகளைத் திரட்டி ‘அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்’ என்ற தட்டுகள் வெளிவந்தன. ‘ஆமென், பிரதர்’ அதில் ஒன்று. தேடி அலைய வேண்டிய சரக்கு கடையில் ரெடிமேடாகக் கிடைக்க ஆரம்பித்தது.

அடுத்த வருஷம் எஸ்.பி.1200 என்ற சாம்ப்ளர் வந்தது. 12 பிட், வினாடிக்குச் சுமார் 26,000 மாதிரிகள், மொத்த நினைவகம் 10 வினாடிதான். இதை வைத்து என்ன செய்ய முடியும் என்கிறீர்களா? 33 சுற்றுத் தட்டை 45-ல் ஓட்டி வேகமாகப் பதிவு செய்தார்கள். பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கி வேகத்தைக் குறைத்தார்கள். 10 வினாடி நினைவகத்தில் பதின்மூன்றரை வினாடி அடங்கிவிடும். ஒலி கொஞ்சம் கரகரக்கும். அந்தக் கரகரப்பையே ரசிகர்கள் விரும்ப ஆரம்பித்ததுதான் வேடிக்கை. 1988-ல் என்.டபிள்யூ.ஏ. குழு கோல்மன் தாளத்தைப் பயன்படுத்தியது. தொண்ணூறுகளில் இங்கிலாந்து இளைஞர்கள் அதை நறுக்கி, மாற்றி அடுக்கி, நிமிஷத்துக்கு 160 அடிக்கு மேல் ஓட விட்டார்கள். ‘ஜங்கிள்’ என்ற புது இசைவகையே அதிலிருந்து கிளம்பியது. அந்த 7 வினாடி இன்று ஆயிரக்கணக்கான பாட்டுகளில் இருக்கிறது.

சரி, கோல்மனுக்கு என்ன கிடைத்தது? ஒரு காசுகூட இல்லை. 2006-ல் அட்லாண்டாவில் வீடு வாசல் இல்லாமல் இறந்தார். குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 1996 வாக்கில்தான் விஷயமே தெரிய வந்தது. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுகளுக்குப் பதிப்புரிமை 1972 பிப்ரவரி 15 முதல்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிவுகள் 2018 வரை அந்தப் பாதுகாப்புக்கு வெளியேதான் நின்றன. 2015-ல் இங்கிலாந்து டி.ஜே.க்கள் இருவர் பொதுமக்களிடம் வசூல் செய்து, ஸ்பென்சருக்குச் சுமார் 24,000 பவுண்டு கொடுத்தார்கள். அதைப் பார்க்கக் கோல்மன் இல்லை. ஸ்பென்சரும் 2020-ல் காலமானார்.

நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. 1991-ல் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர், கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டை அனுமதியின்றி எடுத்தாண்ட வழக்கில், நியூயார்க் நீதிபதி களவு பற்றிய பைபிள் கட்டளையை முதல் வரியிலேயே சொல்லித் தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பிறகு பெரிய கம்பெனிகள் அனுமதி வாங்காத சாம்பிளைத் தொடவே பயந்தன. காசு உள்ளவர்களால்தான் அனுமதி வாங்க முடிந்தது. ஆகவே, உரிமம் சேர்த்தே விற்கும் லூப்புகளுக்குக் கிராக்கி ஏறியது. 1998-ல் வந்த ‘ஆசிட்’ மென்பொருள் எந்த லூப்பையும் பாட்டின் வேகத்துக்குத் தானே இழுத்துப் பொருத்தியது. 2004-ல் வந்த ‘கராஜ்பேண்ட்’ லூப்புகளோடேயே வந்தது. 2007-ல் உலகமெங்கும் ஒலித்த ரிஹானாவின் ‘அம்ப்ரெல்லா’வில் ஓடும் டிரம்ஸ் அதிலிருந்த ஒரு லூப்தான்.

‘ரெடிமேடை எடுத்து ஒட்டுவது ஒரு கலையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் நம்பிக்கை இல்லை. வின்ஸ்டன்ஸ் குழுவே பழைய பாட்டின் மேல்தானே கட்டினார்கள்? நானும் என் வேலையில் பிறர் எழுதிய நிரல்களின் மேல்தான் தினமும் கட்டுகிறேன். ஆனால் அங்கே ஒரு முறை இருக்கிறது. எம்.ஐ.டி. உரிமத்தில் வரும் நிரலை இலவசமாக எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். எழுதியவர் பெயருள்ள பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் மட்டும் நீக்கக் கூடாது. கோல்மனின் 7 வினாடிக்கு அப்படி ஒரு வரிகூட ஒட்டிக்கொண்டு வரவில்லை. எடுத்தவர்களில் பலருக்கு வாசித்தவர் யார் என்றே தெரியாது. தட்டிலிருந்து தட்டுக்கு, அங்கிருந்து கருவிக்கு என்று தாளம் போனது. பெயர் மட்டும் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

கலைவிழாவுக்கு லூப் போட்டுப் பாட்டு அமைக்கிற, புராஜெக்டுக்கு நிரல் எடுத்து ஒட்டுகிற நம் தம்பி தங்கைகளுக்கு இந்த அண்ணனின் வேண்டுகோள் ஒன்றுதான். தாராளமாக எடுங்கள். எங்கிருந்து எடுத்தீர்கள், யார் செய்தது, எந்த உரிமத்தில் என்று எடுத்த அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலோ விழா அழைப்பிதழின் ஓரத்திலோ அந்தப் பெயர்களைப் போடுங்கள். இரண்டு நிமிஷ வேலைதான்.