எண்ணெய் சென்ற வழி

மோட்டார் வாகன வரலாற்றைச் சொல்லும் நூல்களில் குதிரைத் திறனும் பந்தய வெற்றிகளும் நிறைய இடம் பெறுகின்றன. எஞ்சினுக்குள் எண்ணெய் எந்த வழியாகச் சென்றது என்ற கேள்விக்கு ஓரிரு பத்திகளே கிடைக்கும். ஆனால் பழைய கார் ஒன்றின் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்து மீண்டும் பூட்டுகிற பட்டறையில் முதலில் எழும் அச்சம் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். புதிய பிஸ்டன், புதிய பேரிங், கடைந்து மெருகேற்றிய கிராங்க் ஷாஃப்ட் என எல்லாம் பொருத்திய எஞ்சின், முதன்முறை ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் தட்டும் ஓசை எழுப்பி இறுகி நின்றுவிடுவதுண்டு. பிரித்துப் பார்த்தால் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி நிறைந்திருக்கும்; பேரிங் மட்டும் காய்ந்து கருகியிருக்கும். ஆங்கிலத்தில் இதனைப் பட்டினி என்று பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். பொருத்தமான சொல்தான். ஊரில் உணவு இருந்தும் உண்ண வேண்டியவரை அது சென்று சேராதபோது நேர்வதும் பட்டினியே அல்லவா?

இந்தப் பட்டினியின் இயல்பை விளங்கிக்கொள்ள நாம் 1883ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். அதுவரை உராய்வைக் குறைப்பது பெரும்பாலும் பட்டறிவு சார்ந்த கைத்தொழிலாகவே இருந்தது. நம் ஊர் மாட்டுவண்டியின் அச்சுக்கு மை இட்டதைப் போலவே அங்கே ரயில் பெட்டிகளின் அச்சுகளுக்கும் கொழுப்பும் எண்ணெயும் இடப்பட்டன. எவ்வளவு இடுவது, எங்கே இடுவது என்பவற்றைப் பழக்கமே தீர்மானித்தது. இதனை அளந்து அறிய விரும்பிய இயந்திரப் பொறியாளர் கழகம், அப்பணியைப் பீச்சம் டவர் என்னும் பொறியாளரிடம் ஒப்படைத்தது.

டவர் அமைத்த கருவி எளிமையானது. 4 அங்குல விட்டமும் 6 அங்குல நீளமும் கொண்ட ஓர் அச்சு. ரயில் பெட்டியில் உள்ளதைப் போல அதன் மேற்பாதியில் கவிழ்ந்து அமரும் ஒரு பித்தளைத் தாங்கி. தாங்கியின் மீது சுமை. அச்சின் கீழ்ப்பகுதி எண்ணெயில் தோய்ந்திருந்தது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு மேலே இழுத்துச் சென்றது. உராய்வு எவரும் எதிர்பாராத அளவுக்குக் குறைந்தது.

அடுத்த சோதனைக்காகத் தாங்கியின் உச்சியில் அரை அங்குலத் துளை ஒன்று போடப்பட்டது. வழக்கமான மசகுக் குப்பியை அங்கே பொருத்தி எண்ணெயை மேலிருந்து இறக்குவது நோக்கம். அச்சைச் சுழற்றியதும், கீழே தொட்டியில் இருந்த எண்ணெய் அத்துளை வழியே மேலேறி வழியத் தொடங்கியது. துளையைத் தக்கையால் அடைத்தார்கள். தக்கை மெல்ல வெளியே தள்ளப்பட்டது. மர ஆப்பு ஒன்றை அடித்து இறக்கினார்கள். அதுவும் வெளியே வந்தது. பின்னர் அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்தியபோது, சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அதன் முள் எல்லையைத் தாண்டிற்று. தாங்கியின் மீதிருந்த சராசரிச் சுமையோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

இதன் மறுபக்கம் இன்னும் வியப்பூட்டுவது. கீழேயுள்ள எண்ணெயை அகற்றிவிட்டு, வழக்கப்படி உச்சித் துளை வழியாக மட்டுமே எண்ணெய் ஊட்ட முயன்றபோது தாங்கி சூடேறியது. துளை நிறைய எண்ணெயை ஊற்றி வைத்தும் ஒரு துளிகூட உள்ளே இறங்கவில்லை. எண்ணெய் புகுவதற்கென்று மனிதர் வைத்த வாசல், உண்மையில் எண்ணெயை வெளியேற்றும் வாசலாக இருந்தது. சுமை மிகுந்த இடத்தில்தான் எண்ணெய் தேவை என்று எண்ணி அங்கேயே அதனை ஊற்றி வந்த பழக்கம் இவ்வாறு தலைகீழானது. 1885ஆம் ஆண்டின் இரண்டாம் அறிக்கையில், தாங்கியின் பல புள்ளிகளில் அழுத்தத்தை அளந்த டவர், சதுர அங்குலத்துக்கு 625 பவுண்டு வரை பதிவு செய்தார்.

இந்தப் புதிருக்குக் கணித விளக்கம் தந்தவர் மான்செஸ்டரில் ஓவன்ஸ் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். அவருடைய 1886ஆம் ஆண்டுக் கட்டுரையின் சாரம் இது: சுழலும் அச்சு தாங்கியின் நடுவில் சரியாக நிற்பதில்லை, சற்றே விலகி நிற்கிறது. ஆகவே இரண்டுக்கும் இடையிலான வெளி ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் ஆப்பு வடிவில் அமைகிறது. சுழலும் பரப்பு எண்ணெயை அகன்ற பக்கத்திலிருந்து குறுகிய பக்கத்துக்கு இழுத்துச் செல்ல, அங்கே அழுத்தம் பிறந்து அச்சைத் தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. ஒரு மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் சுமை முழுவதையும் தாங்குகிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. சுமையைத் தாங்கும் அழுத்தத்தைப் படலம் தானே உண்டாக்கிக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது சுமை குறைந்த இடத்தில் எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே. இரண்டாவது, அச்சு சுழலாத வரை படலம் பிறப்பதில்லை. எனவே எஞ்சின் உறக்கம் கலைந்து எழும் முதல் சில நொடிகளே அதன் வாழ்வில் ஆபத்தானவை.

ஆனால் முதற்காலக் கார்களில் எண்ணெய் சேர்க்கும் ஏற்பாடு பெரிதும் தற்செயலை நம்பியிருந்தது. 1908இல் வெளிவந்து 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி எஞ்சினில் எண்ணெய்ப் பம்ப் கிடையாது, அழுத்தமானியும் கிடையாது. பின்புறம் சுழலும் ஃபிளைவீல் எண்ணெயை வாரி இறைக்கும். அதில் ஒரு பகுதி புனல் ஒன்றில் விழுந்து, குழாய் வழியே முன்பக்கம் சென்று, பின்னோக்கி வழிந்தோடும். வழியிலுள்ள பள்ளங்களில் தேங்கும் எண்ணெயைக் கனெக்டிங் ராடுகளின் நுனி தொட்டுத் தெறிக்கும். எண்ணெய் போதுமா என்பதை அறிய ஓட்டுநர் காருக்கு அடியில் குனிந்து இரண்டு சிறு குழாய்களைத் திறந்து பார்க்க வேண்டும். நீண்ட மேட்டில் ஏறும்போது எண்ணெய் பின்பக்கம் சரிந்துவிட, முன்வரிசை ராடு பட்டினி கிடக்கும். மெதுவாக ஓடிய அந்த எஞ்சின் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது.

பம்ப் வைத்து, கிராங்க் ஷாஃப்டுக்குள் துளையிட்டு, எண்ணெயை அழுத்தத்தோடு பேரிங்குகளுக்கு அனுப்பும் முறையின் முன்னோடிகளில் ஒருவர் இங்கிலாந்தின் ஃப்ரெடரிக் லான்செஸ்டர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் அதனைக் கையாண்டார். ஆயினும் தெறிக்கும் முறை எளிதில் மறையவில்லை. அமெரிக்காவின் ஷெவ்ரலே ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் 1953 வரை அது தொடர்ந்தது.

முழு அழுத்த முறையில் எண்ணெயின் பயணம் ஒரு பாசன அமைப்பை ஒத்தது. தொட்டியிலிருந்து பம்ப் இழுக்கும். ஃபில்டரைக் கடந்து பிரதான வாய்க்காலில் சேரும். அங்கிருந்து கிளைத் துளைகள் வழியே மெயின் பேரிங்குகளுக்கும், கிராங்க் ஷாஃப்டின் உட்துளைகள் வழியே ராடு பேரிங்குகளுக்கும் செல்லும். ஒரு கிளை மேலேறி ராக்கர்களை நனைக்கும். பின் எல்லாம் தொட்டிக்கே திரும்பும். நம் சாலைகளில் பல்லாண்டுகள் ஓடிய அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினும் இத்தகையதே. அது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரீஸ் எஞ்சின்.

இங்கேதான் அழுத்தமானி நம்மை ஏமாற்றுகிறது. பற்சக்கரப் பம்ப் தருவது எண்ணெயின் ஓட்டத்தை. அந்த ஓட்டத்துக்கு எதிர்ப்பு எழும்போதே அழுத்தம் தோன்றுகிறது. பிரதான வாய்க்காலில் பொருத்திய மானி அந்த எதிர்ப்பைக் காட்டுமே தவிர, கடைமடைக்கு நீர் சேர்ந்ததா என்று சொல்லாது. ஒரு ராடு பேரிங்குக்குச் செல்லும் துளை முற்றிலும் அடைபட்டாலும் மானி குறைத்துக் காட்டாது. சற்றே கூட்டிக் காட்டவும் கூடும்.

மானி தாழ்ந்து நின்றால் தேடல் ஓரளவு எளிது. முதலில் மானியையே ஐயுற வேண்டும். நம்பகமான வேறொரு மானியை மாட்டிப் பார்ப்பது தேர்ந்த மெக்கானிக்குகளின் வழக்கம். அடுத்து, பம்ப் உலர்ந்துபோய் எண்ணெயை இழுக்கத் தவறியிருக்கலாம். உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று புகலாம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, தூசு சிக்கித் திறந்தே நிற்கலாம். கழுவுவதற்காகக் கழற்றிய வாய்க்கால் அடைப்பான் ஒன்று திரும்பப் பூட்டப்படாமல் போயிருக்கலாம். இவை எதுவும் இல்லையெனில் பேரிங்கின் இடைவெளியை அளக்க வேண்டும். அச்சின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. இடைவெளி இருமடங்கானால் அதன் வழியே கசியும் எண்ணெய் ஏறத்தாழ எட்டு மடங்காகும். முதல் பேரிங்குகள் தாராளமாகக் கசியவிட்டால் கடைசிப் பேரிங்குக்கு என்ன மிஞ்சும்?

மானி நலமாகக் காட்டியும் பேரிங் கருகினால் தேடல் கடினமாகிறது. சில எஞ்சின்களில் மெயின் பேரிங்கின் மேற்பாதியில் மட்டுமே எண்ணெய்த் துளையும் காடியும் உண்டு. எரிவாயுவின் அழுத்தம் கீழ்ப்பாதியைத் தாக்குவதால் எண்ணெய் மேலிருந்து, சுமை குறைந்த பக்கத்தில் புகுத்தப்படுகிறது. டவரின் மர ஆப்பு கற்பித்த பாடம் இதுவே. பாதிகளை இடம்மாற்றிப் பொருத்தினால் வழி அங்கேயே அடைபட்டுவிடும். 1948இல் அறிமுகமாகி 1992 வரை உற்பத்தியில் இருந்த ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டுக்குள் கசடு தங்கும் அறைகள் உண்டு. அவற்றை மூடியுள்ள திருகுகள் பல்லாண்டு இறுகிக் கிடப்பவை. கழற்றுவது கடும் உழைப்பு. கழற்றாமலே ஷாஃப்டைக் கடைந்து பூட்டினால், பழைய கசடும் புதிய உலோகத் துகளும் உள்ளேயே காத்திருந்து, முதல் ஓட்டத்தில் புதிய பேரிங்கைச் சென்றடையும். வெளித்தோற்றத்தில் அந்த ஷாஃப்ட் கண்ணாடி போலிருக்கும்.

ஆகவே நல்ல பட்டறைகளில் முதல் ஓட்டம் ஒரு சடங்கின் ஒழுங்கோடு நடைபெறுகிறது. ஒவ்வொரு துளையும் தூரிகையிட்டுக் கழுவப்படுகிறது. பேரிங்குகளில் பூட்டும்போதே மசகு தடவப்படுகிறது. பம்பின் பற்சக்கரங்களுக்கிடையே வாசலின் அடைக்கப்படுகிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பேரிங்குகள் மீது எரிப்பின் சுமை இல்லாத நிலையில், மானியின் முள் எழும்வரை எஞ்சினைச் சுழற்றுகிறார்கள். ராக்கர்களில் எண்ணெய் கசிவதைக் கண்ணால் கண்ட பின்னரே எஞ்சினுக்குத் தீப்பொறி அளிக்கப்படுகிறது.

இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். கிராங்க் ஷாஃப்டைக் கடைவதற்கு எல்லை உண்டு. பல எஞ்சின்களுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30, 40 என்ற படிகளில்தான் குறைந்த அளவு பேரிங்குகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு பட்டினியும் ஒரு படியையேனும் விழுங்கிவிடுகிறது. கடைசிப் படியும் தீர்ந்தபின் அந்த ஷாஃப்ட் பழைய இரும்பு. அதை வார்த்த ஆலைகள் பல இன்று இல்லை. முதல் நிமிடத்தின் அலட்சியம், ஐம்பது அறுபது ஆண்டுகள் பிழைத்து வந்த ஒரு பொருளின் எஞ்சிய ஆயுளைச் செலவழித்துவிடுகிறது.

ஏட்டுச் சுவடிகளைப் பேணுவோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு: பழையதற்கு நேரும் கேடுகளில் ஒரு பகுதி, அதைக் காப்பாற்ற முனைந்தவர்களின் கைகளாலேயே நேர்கிறது. எஞ்சினும் அதற்கு விலக்கல்ல. துளையில் ஊற்றிய எண்ணெய் உள்ளே சென்றதா என்று நின்று கவனித்ததே டவர் செய்த பெருஞ்செயல். பழைய எஞ்சினைப் புதுப்பிக்க முற்படும் எவருக்கும் அந்தக் கவனிப்புக்கு மாற்று இன்றளவும் இல்லை.