நிறுத்தமும் மௌனமும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே பொழுது விடியுமுன் பெரட்டுத் தப்பு முழங்குவது அந்நாளைய வழக்கம். உயிர் நீத்தவரை வழியனுப்பியதும் அதே தப்புத்தான். தோல் ஒன்று, குச்சி ஒன்று; எனினும் லயத்திலே படுத்திருப்பவன் வேலைக்கு அழைக்கும் அடியையும் சாவு அடியையும் ஒருபோதும் மாற்றிக் கொள்வதில்லை. அடிக்கும் அடிக்கும் நடுவே விடப்படும் இடைவெளிதான் அவனுக்குப் பொருளை உணர்த்துகிறது. நம் தாளத்திலும் தட்டுக்கு உள்ள மதிப்பு ஓசையற்ற வீச்சுக்கும் உண்டல்லவா?

இடைவெளியின் அருமையைத் தோட்டத்துரைமார் அறியாதவர்கள் அல்லர். தேயிலைச் செடியைப் பொறுத்தமட்டில் அவர்கள் அதனை நன்றாகவே அறிந்திருந்தனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டுமுன் வேரிலே மாச்சத்துச் சேரட்டும் என்று கொழுந்தெடுக்காமல் ஓய்வு கொடுப்பதும் உண்டு. வெட்டியபின் துளிர் எழும்பச் சில மாதங்கள் காத்திருப்பார்கள். பறித்த கொழுந்தையும் உடனே உருளையில் இடுவதில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாக வாட்டுப் பரணில் கிடந்து வாடிய பிறகே அது அரைபடும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் கிடைத்த தனிப்பெயருக்கும் காரணம் இத்தகையதே: ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் கச்சான் காற்றின் வறட்சியிலே துளிரின் வளர்ச்சி தளர்கிறது, அந்தத் தளர்ச்சியில்தான் மணம் திரள்கிறது.

செடிக்கு உரிய ஓய்வு மனிதனுக்கு மறுக்கப்பட்டது. பெரட்டுக்குப் பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள்; நிறை குறைந்தால் அரைப்பேர் போட்டார்கள். வீடு என்று கொடுத்ததோ பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஒரே கூரையின் கீழ், சுவரோடு சுவராக, வரிசை வரிசையாகக் கட்டிய லயம்! அங்கே ஒரு குடும்பத்தின் இருமலும் அழுகையும் அடுத்த குடும்பத்துக்கும் உரியவை. மனிதன் தனித்திருந்து சிந்திக்க ஒரு மூலைகூட விடாமல் கட்டிய கட்டிடத்தைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிட நாம் உடன்படமாட்டோம்.

தமிழிலே ‘நிறுத்தம்’ என்ற சொல் கவனிக்கத்தக்கது. வாக்கியத்தின் பொருளைத் தெளிவாக்குவது நிறுத்தற்குறி. தொழிலாளி தன் பொருளைத் தெளிவாக்குவது வேலை நிறுத்தம். கொழுந்து முற்றிவிட்டால் பயனில்லை. ஏறத்தாழ வாரம் ஒருமுறை அதே மலைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே தோட்டத்திலே கைகள் சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளும் லண்டன் வரை கேட்கும் பேச்சாகும்.

1940இல் ஊவா அப்பேச்சைப் பேசியது. பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த சபை ஒன்றை அமைத்தனர். அச்சபையைக் கலந்து நடப்பதற்குத் துரை இணங்க நேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் போலீசாரிடமிருந்து ஆயுதங்களைப் பறித்ததும் இத்தோட்டத்துத் தொழிலாளரே. மே 12ஆம் தேதி பதுளையில் லங்கா சமசமாஜக் கட்சி கூட்டவிருந்த கூட்டத்தைப் போலீசார் தடை செய்தனர். தடையை மீறித் தொழிலாளர் திரண்டனர், என். எம். பெரேரா பேசினார். பின்னர் பெருவெள்ளம் ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்தது. அந்த இடைவெளி அடக்குமுறைக்குத் துணையாயிற்று. வெளியுலகின் கண்கள் எட்டாத நாட்களில் இயக்கம் முறியடிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் பெரேரா முதலிய தலைவர்கள் சிறை புகுந்தனர். (இவ்வரலாற்றை எழுதியோர் தலைவர்களுக்கே பெரும்பாலான பக்கங்களை ஒதுக்கினர் என்பதையும் குறிப்பிட வேண்டும். வெவெஸ்ஸச் சபையில் அமர்ந்தவர்களுக்குக் கிடைத்தது சில வரிகளே.)

தாமாகக் கடைப்பிடிக்கும் மௌனம் வேறு, பிறர் வாயைப் பொத்துவதால் வரும் மௌனம் வேறு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களின் வாக்கைப் பறித்தன. 1952 தேர்தலுக்குப் பின் அக்காங்கிரஸின் குரல் ஒன்றுகூட அச்சபையில் இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில் கொழும்பில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நீடித்தது. பேச்சுரிமை இழந்தவர்கள் வெறுமனே உட்கார்ந்திருந்ததே அவர்களுடைய பேச்சு. அரசு அசையவில்லை.

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக் கொள்ளலாம் என்று முடிவு. பங்கிடப்பட்டவர்களை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. பதுளையில் ரயிலேறித் தலைமன்னார் வழியே இராமேசுவரம் சென்ற குடும்பங்கள் பல. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.