ஆவுடையார்கோவில் தேரும் முட்டுக்கட்டையும்

தேரோட்டத்தின்போது தேர்ச் சக்கரத்தின் அடியில் கொடுக்கப்படும் ஆப்பு வடிவ மரக்கட்டை முட்டுக்கட்டை எனப்படும். சறுக்குக்கட்டை என்ற பெயரும் உண்டு. தேரை நிறுத்துதல், அதன் வேகத்தைத் தணித்தல், தெருமுனையில் திருப்புதல் ஆகிய மூன்று வேலைகளுக்கும் இது பயன்படுகிறது. இன்றைய பேச்சு வழக்கில் ‘முட்டுக்கட்டை போடுதல்’ என்றால் ஒரு காரியத்தைத் தடுத்தல் என்பதே பொருள். தேர் வீதியில் அந்தப் பொருள் பாதி உண்மைதான். அங்கே முட்டுக்கட்டை போடப்படுவது பெரும்பாலும் தேர் சரியான வழியில் தொடர்ந்து செல்வதற்காகவே. ஸ்டியரிங் இல்லாத, பல டன் எடையுள்ள ஒரு மர ஊர்திக்கு வழிகாட்டும் கருவி இது ஒன்றே.

ஊரும் கோயிலும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே அமைந்துள்ளது ஆவுடையார்கோவில். இதன் பழைய பெயர் திருப்பெருந்துறை. மாணிக்கவாசகர் வாழ்வோடு இணைந்த தலம் இது. திருவாவடுதுறை ஆதீனத்தின் நிருவாகத்தில் உள்ள ஆத்மநாதசுவாமி கோயிலின் கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டுமே உள்ளது. ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் இங்கு நடைபெறும் முதன்மையான விழாக்கள்.

இக்கோயிலின் கல் கொடுங்கைகள் பெரும்புகழ் பெற்றவை. மரச்சட்டங்களும் அவற்றை இணைக்கும் ஆணிகளும் கல்லிலேயே செதுக்கப்பட்டிருப்பதால், அண்ணாந்து பார்ப்பவருக்கு அது மரக்கூரை போலவே தோன்றும். பழங்காலச் சிற்பிகள் புதிய கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோவில் கொடுங்கையைப் போன்ற வேலை நீங்கலாக மற்றவற்றைச் செய்து தருவதாக எழுதினர் என்ற செவிவழிச் செய்தியும் உண்டு. தச்சு வேலையின் நுட்பங்களைக் கல்லிலும் காட்டிய இந்த ஊரில், மரத் தச்சின் பெரும்படைப்பாக நின்றது தேர்.

தேரின் அளவு

ஆவுடையார்கோவில் தேர் தமிழகத்தின் பெரிய தேர்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அதன் பழைய சக்கரங்கள் ஒவ்வொன்றும் 90 அங்குல விட்டமும் 36 அங்குல அகலமும் கொண்டிருந்தன என்றும், அதை இழுக்க 5,000 பேர் தேவைப்பட்டனர் என்றும் கோயிலைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. 90 அங்குலம் என்பது ஏழரை அடி. அதாவது நன்கு வளர்ந்த ஆள் ஒருவர் அருகில் நின்றால் சக்கரம் அவர் தலைக்கு மேலும் உயர்ந்திருக்கும்.

பெருந்தேரின் அடிப்பகுதி பூதப்பார், உறுதலம், நடகாசனம், தேவாசனம் எனப் பல அடுக்குகளாக மரத்தால் கட்டப்படுகிறது. அதற்கு மேல் மூங்கிலும் துணியும் கொண்டு எழுப்பப்படும் அலங்காரப் பகுதி விழாவுக்கு விழா புதிதாகக் கட்டப்படுவது. அடியில் கனம், மேலே உயரம் என்ற இந்த அமைப்பால், தேர் ஒருபுறம் சற்றே சாய்ந்தாலும் உச்சியில் அந்தச் சாய்வு பல மடங்காகத் தெரியும்.

திருப்புவதில் உள்ள சிக்கல்

தேரின் அச்சுகள் அடித்தட்டோடு அசையாமல் பொருத்தப்பட்டவை. அச்சின் முனைகளில் சக்கரங்கள் சுழல்கின்றன. அவை கழன்றுவிடாமல் கடையாணி காக்கிறது. முன் அச்சும் பின் அச்சும் எப்போதும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும். ஆகவே நேர் வீதியில் ஓடுவதற்கு மட்டுமே தேர் இயல்பாகப் பொருந்தியது. ஆனால் அது கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளையும் வலம் வந்து நிலைக்குத் திரும்பியாக வேண்டும். எனவே நான்கு முனைகளிலும் செங்கோணமாகத் திரும்ப வேண்டும்.

இதன் அளவைச் சிறு கணக்கால் அறியலாம். வலச் சக்கரத்துக்கும் இடச் சக்கரத்துக்கும் இடையே 15 அடி இருப்பதாகக் கொள்வோம். செங்கோணத் திருப்பத்தில் உட்புறச் சக்கரத்தைவிட வெளிப்புறச் சக்கரம் சுமார் 23½ அடி கூடுதலாக ஓட வேண்டும். ஏழரை அடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவும் அதே 23½ அடிதான். எனவே ஒவ்வொரு முனையிலும் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட ஒரு முழுச் சுற்று அதிகமாகச் சுழல வேண்டும்.

சக்கரங்கள் தனித்தனியே சுழல்வதால் இந்த வேறுபாட்டை அவை தாங்கிக்கொள்ளும். ஆனால் அச்சுகள் திசை மாறாததால், வளைவில் ஒவ்வொரு சக்கரமும் உருள்வதோடு பக்கவாட்டில் தேய்ந்து நகரவும் வேண்டியிருக்கிறது. மூன்றடி அகலச் சக்கரத்தைத் தரையில் பக்கவாட்டில் நகர்த்துவதுதான் தேரோட்டத்தின் மிகக் கடினமான பகுதி. பல ஊர்களில் தேர் ஒரு வீதியைக் கடக்கும் நேரத்தைவிட ஒரு முனையில் திரும்பும் நேரம் அதிகமாவதற்குக் காரணம் இதுவே.

முட்டுக்கட்டையின் வேலை

ஓடும் தேரின் ஒரு பக்கச் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுத்தால் அந்தச் சக்கரம் தடைபடும். வடத்தின் இழுவை தொடர்வதால் மறுபக்கச் சக்கரம் முன்னேறும். நின்ற சக்கரத்தை மையமாகக் கொண்டு தேர் திரும்பும். இடப்பக்கம் திரும்ப இடச் சக்கரத்துக்கும், வலப்பக்கம் திரும்ப வலச் சக்கரத்துக்கும் கட்டை போடுவது இந்த விதிப்படிதான். நேர் வீதியில் தேர் சற்றே விலகும்போது, கட்டையைச் சக்கரத்தின் ஓர் ஓரத்தில் சாய்வாகக் கொடுப்பதும் உண்டு. கட்டையின் சரிவில் ஏறும் சக்கரம் மறுபுறமாகச் சறுக்கி இறங்கும்போது தேர் மீண்டும் வழிக்கு வரும். சறுக்குக்கட்டை என்ற பெயர் இந்த வேலையைச் சுட்டுகிறது.

கட்டையைப் பிடித்து வைப்பது தேரின் எடையே. சக்கரம் கட்டையின் சரிவில் ஏற முயலும்போது அந்த எடை கட்டையைத் தரையோடு அழுத்துகிறது. ஆனால் இதற்கு எல்லை உண்டு. கட்டை சிறியதாக இருந்தால் சக்கரம் அதன்மேல் ஏறிக் குதிக்கும். தரை வழவழப்பாக இருந்தால் கட்டையே முன்னோக்கி வழுக்கும். மண் வீதியில் கட்டை சற்றுப் புதைந்து பிடிப்புக் கொண்டது. அவ்வீதிகள் தார்ச்சாலையாகவும் சிமெண்டுச் சாலையாகவும் மாறியபோது தேரை இழுப்பது எளிதாயிற்று, நிறுத்துவது கடினமாயிற்று.

கட்டை போடுபவர் நகரும் சக்கரத்துக்கு அருகிலேயே நடக்க வேண்டும். தேர் எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் இழுபடும் என்பதை உணர்ந்து, கட்டையை வைத்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும். இழுப்பவர்கள் வெகுதூரம் முன்னால் வடத்தைப் பிடித்திருப்பதால் சக்கரத்தின் நிலை அவர்களுக்குத் தெரியாது. தேரில் நிற்பவரின் சைகை, கொம்பு அல்லது முரசின் ஒலி, கட்டை போடுபவரின் கண் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் தேர் பாதுகாப்பாக நகரும். இந்த வேலை பல ஊர்களில் தலைமுறை வழியாகக் கற்றுக்கொடுக்கப்பட்டு வந்தது.

டை ராடும் தேரும்

நான்கு சக்கர ஊர்தியைத் திருப்பும் சிக்கலுக்கு ஐரோப்பாவில் வேறு வகையில் தீர்வு கண்டனர். அங்குக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடு ஆணியில் சுழலும் முறை இருந்தது. 1816-இல் மியூனிக் நகர வண்டித் தச்சர் ஜார்ஜ் லாங்கன்ஸ்பெர்கர், அச்சை அசையாமல் வைத்து இரு முன்சக்கரங்களை மட்டும் தனித்தனியே திருப்பும் அமைப்பை உருவாக்கினார். அவருடைய இலண்டன் முகவரான ருடால்ப் ஆக்கர்மன் 1818-இல் அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றதால் அது ஆக்கர்மன் முறை என்றே அறியப்படுகிறது.

இந்த அமைப்பில் இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியே டை ராடு. அதோடு இணைந்த இரு சிறு கைகளும் சற்றுச் சாய்வாக இருப்பதால், திரும்பும்போது உட்புறச் சக்கரம் கூடுதலாகவும் வெளிப்புறச் சக்கரம் குறைவாகவும் திரும்பும். சக்கரங்கள் தேயாமல் உருளும். இன்றைய காரிலும் டிராக்டரிலும் பயன்படுவது இந்தக் கொள்கைதான். 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்கள் வழியாக இந்தக் கம்பி தமிழக வயல்களுக்கும் பரவியது. நாளடைவில் கிராமக் கோயில்களின் சாமி ஊர்வலங்களும் டிராக்டர்களில் நடைபெறத் தொடங்கின.

பெருந்தேருக்கு ஏன் டை ராடு பொருத்தப்படவில்லை என்ற கேள்வி எழலாம். மேற்சொன்ன 15 அடி அகலத் தேரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலும் 15 அடி எனக் கொண்டு, அது 30 அடி ஆர வளைவில் திரும்புவதாகக் கணக்கிடுவோம். உட்புறச் சக்கரம் சுமார் 34 பாகையும் வெளிப்புறச் சக்கரம் சுமார் 22 பாகையும் திரும்ப வேண்டும். ஏழரை அடிச் சக்கரம் 34 பாகை திரும்பினால் அதன் முன் விளிம்பு 2 அடிக்கு மேல் பக்கவாட்டில் நகரும். அதற்கு இடம்விட அடித்தட்டைக் குறுக்க வேண்டும். அடித்தட்டு குறுகினால் உயரமான தேரின் நிலைப்பு குறையும். மேலும் தேரின் எடை முழுவதும் சக்கரத்தைத் திருப்பும் சிறு முளைகளின்மீது இறங்கும். மரத்தால் அவ்வளவு வலுவான முளையைச் செய்ய இயலாது. ஆகவே அறியாமையால் அல்ல, எடையையும் உயரத்தையும் காப்பதற்காகவே அசையாத அச்சு நிலைத்தது எனலாம்.

இரும்பு வந்த பின்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருந்தேர்களுக்கு இரும்புச் சக்கரங்களும் அச்சுகளும் பொருத்தப்பட்டன. திருவாரூர் ஆழித்தேர் 1926-இல் தீயில் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டு, இடையில் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, 1970-இல் மறுபடியும் ஓடியது. பின்னர் அதற்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனமான பெல், இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் அமைத்துக் கொடுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேருக்கும் இரும்புச் சக்கரங்கள் வந்தன. ஆவுடையார்கோவில் தேரும் பெல் நிறுவனத்தால் திருத்தப்பட்டு, முன்பைவிட மிகக் குறைந்த ஆட்களால் இழுக்கக்கூடியதாயிற்று.

பிரேக் வந்ததால் முட்டுக்கட்டையின் மூன்று வேலைகளில் நிறுத்தும் வேலை பெருமளவு குறைந்தது. திருப்பும் வேலை மாறவில்லை. திருவாரூரில் முனைகளில் இரும்புத் தகடுகளைப் பரப்பி, அவற்றில் மசகு தடவி, அதன்மேல் சக்கரங்களைச் சறுக்கவிட்டுத் திருப்புகின்றனர். தேய்மானத்தை எளிதாக்கும் வழி மாறியதே தவிர, அசையாத அச்சைத் தேய்த்துத் திருப்பும் அடிப்படை மாறவில்லை.

இந்தத் திறன் எவ்வளவு இன்றியமையாதது என்பதை இதே மாவட்டத்தில் நிகழ்ந்த விபத்து ஒன்று நினைவூட்டியது. 2022 ஜூலை 31 அன்று புதுக்கோட்டை திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோயில் தேர், ஆடித் திருவிழாத் தேரோட்டத்தின்போது கவிழ்ந்து பலர் காயமடைந்தனர். உயரமான தேர் சாய்வதற்குச் சில நொடிகளே போதும். அந்த நொடிகளில் வடம் பிடித்திருக்கும் கூட்டத்தால் எதையும் செய்ய இயலாது.

ஆண்டுக்கு ஓரிரு நாட்கள் மட்டுமே ஓடும் ஊர்தியைத் திருப்பும் கலையைப் பழகுவதற்கு வாய்ப்புகள் குறைவு. தேர் சில ஆண்டுகள் ஓடாமல் நின்றால், மரம் மட்டுமல்லாமல் அதைத் திருப்பத் தெரிந்தவர்களின் பழக்கமும் பழுதடைகிறது. எனவே தேரைப் புதுப்பிக்கும்போது சக்கரம், அச்சு, வடம் ஆகியவற்றோடு முட்டுக்கட்டை போடும் ஆட்களைப் பயிற்றுவதும் தேர்த் திருப்பணியின் ஒரு பகுதியாகக் கருதப்பட வேண்டும்.