தண்டல் காதிலிருந்து ஆலோசகர் அறைக்கு

மலாக்கா ரப்பர்த் தோட்டங்களில் அன்று மனக்குறையைக் கேட்க ஆளில்லாமல் இல்லை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தண்டல் எனும் மேற்பார்வையாளர், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பெரியவர்கள், கோயிலில் சாமியாடி. ஆனால் இரவு சொன்னது விடிவதற்குள் லயம் முழுக்கப் பரவிவிடும்!

வெளியே சொல்லாத காது மெல்லத்தான் வந்தது. மலேசியப் பள்ளிகளுக்கு வழிகாட்டி ஆசிரியர்கள் வந்தது 1960களில். 1998-இல் ஆலோசகர் சட்டம் பிறந்தது. பதிவு பெறாதவர் ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்ட முடியாது.

2000-இல் தொடங்கி இன்று மலாக்காவின் டுரியான் துங்காலில் இயங்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் தோட்டத்துப் பேரப்பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆலோசனை மையத்தில் முதலில் ஒரு படிவம், பிறகு மூடிய அறையில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பேச்சு. உயிருக்கு ஆபத்து போன்ற நிலை தவிர, பேசியது வெளியே போகாது.

ஆனாலும் உதவி கேட்கப் பலர் தயங்கியதற்குச் சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற தண்டனைச் சட்டப் பிரிவை மலேசியா 2023-இல்தான் நீக்கியது.