தார்ச்சாலையில் எஃகு வலை

விரிசல் விட்ட தார்ச்சாலையைப் புதுப்பிக்கும்போது, பழைய பரப்புக்கும் புதிய தார்க்கலவை அடுக்குக்கும் நடுவே விரிக்கப்படும் கம்பி வலை இது. பழைய விரிசல் புது அடுக்கையும் பிளந்துகொண்டு மேலே வருவதைத் தாமதப்படுத்துவதே இதன் வேலை. குளிரில் பழைய அடுக்கு சுருங்க, விரிசலின் வாய் அகலும். கனரக வண்டி கடக்கும்போது விரிசலின் இரு விளிம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து எழும். இந்த அசைவு முழுவதும் மேலடுக்கின் அடிப்பகுதியில் ஒரே கோட்டில் குவிவதால், வெறும் தார் போட்ட சாலையில் சில ஆண்டுகளிலேயே பழைய விரிசல் அதே இடத்தில் தலைகாட்டுகிறது. தார்க்கலவை அழுத்தத்தைத் தாங்கும். இழுவையை அவ்வளவாகத் தாங்காது. கான்கிரீட்டில் இதே குறையைக் கம்பி தீர்த்ததால், தாரிலும் தீர்க்கும் என்று பொறியாளர்கள் எண்ணியது இயல்பே.

சாலைக்குள் வேறொரு பொருளை விரிக்கும் முயற்சி எஃகுக்கு முந்தியது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் 1926-இல் பருத்தித் துணியைச் சாலையில் பரப்பிச் சோதித்தது. பற்றவைத்த எஃகு வலை அமெரிக்காவில் 1950களில் பரவலாகச் சோதிக்கப்பட்டது. பழைய சிமெண்ட் சாலைகள்மீது தார் போடும்போது மூட்டுகளின் விரிசலைத் தடுப்பது நோக்கம். 1970களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள். இதை எஃகின் தோல்வியாகக் கொள்வது சரியல்ல. சுருளாக வந்த வலை தட்டையாகப் படியவில்லை. தார் விரிக்கும் இயந்திரத்தின் முன்னே அலையாக எழும்பியது. தளத்தோடு ஒட்டாத கம்பி எந்த இழுவையையும் ஏற்காது, தானே ஒரு பலவீனமான இடைவெளியை உண்டாக்கும். ஆக, கைவிடப்பட்டது வலையை விரித்த விதம்தான், கொள்கை அன்று. 1980களில் பெல்ஜியத்தில் வலை மறுபிறவி எடுத்தது இதற்குச் சான்று. இம்முறை கம்பிகளைப் பற்றவைக்காமல், இரட்டை முறுக்கில் அறுகோணக் கண்களாகப் பின்னினார்கள். குறுக்கே வலுக்கம்பிகள் கோத்து, துருவைத் தடுக்கப் பூச்சும் கொடுத்தார்கள். ரோலரால் தட்டையாக்கி, ஆணியடித்தோ, தார்க்குழம்பும் நுண்ஜல்லியும் கலந்த மெல்லிய பூச்சால் மூடியோ தளத்தோடு பிணைத்தார்கள். 1990களின் இறுதியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள ஸ்மார்ட் ரோடு சோதனைச் சாலையிலும் இத்தகைய வலை பதிக்கப்பட்டது. கைவிட்ட நாடே திரும்பி வந்தது என்பது சிறிய செய்தி அல்ல.

வலை எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நம்புவோரும் உண்டு. அதையும் மறுக்க வேண்டும். அகலும் விரிசலைத்தான் வலை இழுத்துப் பிடிக்கும். பின்லாந்து, சுவீடன், நார்வே சாலைகளில், உறைபனியால் மண் உப்பி நீளவாக்கில் விழும் விரிசலுக்கும், அகலப்படுத்திய சாலையில் பழையதும் புதியதும் சேரும் கோட்டுக்கும் அது பொருந்துவது இதனால்தான். கீழே பழைய சிமெண்ட் சாலையின் பலகை மேலும் கீழுமாக ஆடினால் கதை வேறு. ஆடும் பலகையை முதலில் உடைத்து அமர்த்தவோ, அடியில் நிரப்பி நிலைநிறுத்தவோ வேண்டும். நீர் வடியாத, இளகிய அடித்தளத்துக்கும் வலை மருந்தாகாது.

கண்ணாடியிழை, பாலியெஸ்டர் வலைகள் இலேசானவை, விரிக்க எளியவை. பிறகு எஃகு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. எஃகின் விறைப்பு ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். கண்ணாடியிழையுடையது சுமார் 70. விரிசல் பெரிதாக அசையும் இடத்தில் இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது. சிறு விரிசலுக்கு எஃகு வீண்செலவாகலாம். துரு பற்றிய அச்சத்துக்குப் பூச்சும், நீர் புகாத மேலடுக்கும் ஓரளவு பதில். வலுவான எதிர்வாதம் மறுசீரமைப்பின்போது எழுவது: பழைய தாரைச் சுரண்டும் இயந்திரத்தின் பற்களில் வலை சிக்கிக்கொள்ளும். எனவே வலைக்குச் சற்று மேல்வரை மட்டும் சுரண்டி, மிஞ்சிய அடுக்கைத் தோண்டு இயந்திரத்தால் வலையோடு உரித்தெடுக்க வேண்டும். பிரித்த கம்பி பழைய இரும்புக்குப் போகும், தார்த்துண்டுகளை மீண்டும் கலவையில் சேர்க்கலாம். ஆனால் வலை பதித்த இடமும் ஆழமும் சாலைப் பதிவேட்டில் இல்லாவிட்டால், அடுத்த தலைமுறை ஒப்பந்தக்காரருக்கு அது தெரியவருவது இயந்திரம் நின்ற பிறகுதான்.