சிவப்பு ஐசி

மலேசியத் தோட்டத்தில் ஒருவர் பையிலிருக்கும் அடையாள அட்டையின், எங்கள் பேச்சில் ஐசியின், நிறத்தைப் பார்த்தாலே அவர் கதை பாதி தெரிந்துவிடும். நீலம் குடிமகனுக்கு. சிவப்பு நிரந்தரவாசிக்கு, அவர் இங்கேயே வாழலாம், ஓட்டுப்போட முடியாது. பச்சை தற்காலிகமாக இருப்பவருக்கு. பேராக் மாநிலத் தோட்டமொன்றில் 1966 முதல் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, வேலை பார்த்தவன் நான். சம்பளம் போடும் செக்ரோலும் அரசாங்க பாரங்களும் என் ஒரே மேசையில்தான் கிடந்தன. சிவப்பு ஐசி வைத்திருந்த பெரியவர்களில் அநேகர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது எப்படி வாய்த்தது என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டும்.

முதல் தலைமுறையிடம் யாரும் வசிப்பு அனுமதி கேட்கவில்லை. ரப்பருக்கு ஆள் வேண்டியிருந்தது. 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி ஒரு குடியேற்ற நிதி தொடங்கினார்கள். கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்து, ஆவடி முகாமிலோ நாகப்பட்டினம் முகாமிலோ கொண்டுவந்து விடுவார். கப்பல் செலவு அந்த நிதியின் கணக்கு. பினாங்கை அடைந்ததும் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்து, பிறகு தோட்டத்துக்கு அனுப்புவார்கள். 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தபோது, வேலையிழந்தவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பியதும் இதே நிதிதான். பால்வெட்டுக்காரனை இந்த நாட்டில் குடியிருப்பவனாக யாரும் நினைக்கவே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

1936 இறுதியில் இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி வந்து தோட்டங்களைப் பார்த்து அறிக்கை கொடுத்தார். கூலிப் பிரச்சினை தீரவில்லை. 1938 ஜூனில் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. பிறகு ஜப்பான்காரன் காலம். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களிடமும் பழைய கப்பல் சீட்டு இல்லை.

அடையாள அட்டை 1948இல் வந்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவித்த பிரிட்டிஷார், 12 வயது தாண்டிய எல்லோரையும் படமெடுத்துக் கைரேகை வாங்கிப் பதிந்தார்கள். அதில் உரிமை எதுவும் இல்லை. காட்டில் ஒளிந்திருப்பவன் யார், தோட்ட வரிசைவீடான லயத்தில் இருப்பவன் யார் என்று பிரித்தறிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 1953 ஆகஸ்டு முதல் தேதி புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்து, தொழிலாளிகளின் வாசல் ஏறக்குறைய மூடியது. 1959இல் இன்னும் இறுக்கினார்கள்: ஐந்து ஆண்டு தொடர்ந்து பிரிந்திருந்த மனைவியும், ஆறு வயதைக் கடந்த பிள்ளையும் குடிமகனின் குடும்பமானாலும் உள்ளே வர முடியாது. ஊரில் பிள்ளைகளை விட்டுவந்தவர்களுக்கு அது இடி.

இதற்கு நடுவில் 1957இல் சுதந்திரம். வெளியே பிறந்தவரானாலும் 12 ஆண்டில் 8 ஆண்டு இங்கே வசித்திருந்தால் குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்று ஒரு வழி இருந்தது. முதல் ஓராண்டுக்குள் போட்ட, 45 வயது நிறைந்தவர்களுக்கு மலாய்மொழி விஷயத்திலும் சலுகை உண்டு. தோட்ட நிர்வாகியான துரை, பெரிய கிராணி, தொழிற்சங்கக்காரர் இவர்களில் ஒருவர் அக்கறையோடு லயம் லயமாகப் போய் பாரம் எழுதிய தோட்டத்தில் நீல ஐசி வந்தது. அப்படி யாரும் எழுதாத தோட்டத்தில் சிவப்பு ஐசியே நிலைத்தது. இரண்டு தோட்டத்துக்கும் இடையில் ஒரு ஆறுதான் இருக்கும். மனுப் போடாததற்குச் சோம்பல் காரணமென்று பேசுகிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஊரில் அம்மா இருக்கிறாள், மாதாமாதம் மணியார்டர் போகிறது; இந்தியாவை விட்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னால் யாருக்குக் கை வரும்? தவிர, சிவப்பு ஐசியால் அப்போது வேலைக்கு எந்தத் தடையும் இல்லை.

தடை 1969இல் வந்தது. முந்தைய ஆண்டு நிறைவேறிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் வாங்கினால்தான் வேலை செய்யலாம். நிரந்தரவாசிக்கும் அதே விதி. மே 13 இனக்கலவரத்தின் பயம் அடங்காத நாட்கள் அவை. தோட்டத்து ஆபீஸ் வாசலில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டு முடிந்ததும் வரிசை நிற்கும். "எப்ப வந்தீங்க பெரியம்மா?" என்று கேட்டால், "ஜப்பான்காரன் வாரதுக்கு மூணு தீபாவளி முந்தி, ஐயா" என்பார்கள். எந்தக் கப்பல் என்றால் ரஜூலா, தேதி தெரியாது. பாரத்துக்குத் தேதி வேண்டும். ஸ்டோரில் பூச்சி அரித்த பழைய செக்ரோல் கட்டுகளைப் பிரித்து, எந்த மாதத்தில் பெயர் முதலில் வருகிறதென்று தேடுவேன். செக்ரோலில் முனியம்மா, ஐசியில் முனியம்மாள், பிள்ளையின் பிறப்புச் சான்றான சூராவில் மூணியமா. மூவரும் ஒருத்திதான் என்று சத்தியப் பிரமாணம் எழுத வேண்டியிருக்கும். பெர்மிட் கிடைக்காதவர்களும், கிடைக்குமென்ற நம்பிக்கையற்றவர்களும் தட்டுமுட்டுச் சாமான்களை விற்று நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினார்கள். மரத்தையும் பிள்ளைகளையும் வளர்த்தது இந்த மண்ணில். போனது தெரியாத ஊருக்கு.

சில ஆண்டுகளிலேயே தோட்டங்களுக்கு ஆள் போதவில்லை. இந்தோனேசியர்கள் வந்தார்கள், 1984இல் மேடானில் இரு அரசுகளும் ஒப்பந்தமே போட்டன. மிச்சமிருந்த சிவப்பு ஐசிக்காரர்கள் முதுமை வரை காத்திருந்தார்கள். 60 வயது தாண்டிய இந்தியர்களுக்குக் குடியுரிமை தருவோம் என்ற அறிவிப்பு 2018இல்தான் வந்தது.

இன்று அதே மண்ணில் செம்பனை நிற்கிறது. குலை வெட்டுகிறவர்கள் இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தார், நேப்பாளிகள். அவர்களுடைய தற்காலிக வேலை பாஸ் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதிகபட்சம் 10 ஆண்டு, நீட்டித்தால் 13. மனைவியைக் கூட்டிவரக் கூடாது, இங்கே கல்யாணம் செய்யக் கூடாது, கர்ப்பமானால் திரும்பிப் போக வேண்டும். 13 ஆண்டு உழைத்தாலும் நிரந்தர வசிப்புக்கு அது கணக்கில் வராது. உயர்ந்த சம்பளம் வாங்கும் வெளிநாட்டு நிபுணருக்கோ 2011 முதல் 10 ஆண்டு வசிப்பு பாஸ் இருக்கிறது. முதலாளியை மாற்றிக்கொள்ளலாம், மனைவியும் வேலைக்குப் போகலாம். நிபுணருக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. குலை வெட்டுகிறவனுக்கும் ஒரு வழி வேண்டும் என்கிறேன். பத்து ஆண்டு ஒழுங்காக உழைத்தவர் நிரந்தர வசிப்புக்கு மனுப் போடச் சட்டத்தில் இடம் வேண்டும். நம் சங்கங்களும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்க வேண்டும். சிவப்பு ஐசிக்காரர்களின் பேரப்பிள்ளைகளான நாம் அந்தச் சங்கங்களையும் உறுப்பினர்களையும் கேட்க வைக்க வேண்டும்.